இலையுதிர்கால விருந்துக்குச் சிவப்பு ஒயின்: தட்டைப் பார்த்துப் புட்டியைத் தேர்ந்தெடுப்பது எப்படி

செப்டம்பர் கடைசியில் ஐரோப்பியச் சந்தைகளில் தக்காளியும் பீச்சும் பின்வாங்க, போர்சினி காளான், பூசணி, செஸ்ட்நட், பேரிக்காய், வேட்டை இறைச்சி எல்லாம் முன்னால் வந்துவிடும். அவசர வதக்கல் குறைந்து, மூன்று மணி நேரம் ஓவனில் வேகும் குழம்புகள் மேசைக்கு வரும். சிவப்பு ஒயினுக்கு இதைவிட நல்ல பருவம் கிடையாது. புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் ஏமாறுவதும் இந்தப் பருவத்தில்தான். நல்ல விலை கொடுத்துப் பிரான்ஸின் போர்தோ பகுதிச் சிவப்பு ஒன்றை வாங்கி, தேன் தடவிச் சுட்ட பூசணியோடு வைத்தால் ஒயின் கசக்கும், புளிக்கும். ஒயின்மேல் தப்பில்லை. தட்டிலிருந்த இனிப்பு அதன் பழச்சுவையை மறைத்துவிட்டது.

‘மாட்டிறைச்சிக்கு இது, வாத்துக்கு அது’ என்று இறைச்சியின் பெயரை மட்டும் வைத்து ஒயின் வாங்குவது அரைகுறை வழி. சாஸ் என்ன, எப்படிச் சமைத்தது, தட்டில் இனிப்பு எவ்வளவு, உப்பு எவ்வளவு: பொருத்தத்தைத் தீர்மானிப்பவை இவைதான்.

முதலில் நாக்குக்கு ஒரு பாடம்

எந்த அட்டவணையையும் மனப்பாடம் செய்யும் முன் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். அரை மணி நேரம் போதும். இளம் போர்தோ அல்லது இத்தாலியின் கியாந்தி ஒரு புட்டி, ஒரு துண்டு பார்மசான் சீஸ், ஒரு கரண்டி தேன், உப்புப் போடாமல் வதக்கிய நாலைந்து காளான் துண்டுகள், கொஞ்சம் உப்பு, ஒரு எலுமிச்சைத் துண்டு வேண்டும்.

1. ஒயினைத் தனியாக ஒரு வாய் குடியுங்கள். ஈறும் நாக்கும் எவ்வளவு வறள்கின்றன என்று கவனியுங்கள். ஆறிப்போன கடுந்தேநீர் குடித்தால் வருமே, அந்தத் துவர்ப்புதான் இது. திராட்சைத் தோல், விதை, ஓக் பீப்பாய் ஆகியவற்றிலிருந்து வரும் டானின் எச்சிலிலுள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால் வாய் வறள்கிறது.

2. பார்மசானைக் கடித்துவிட்டுக் குடியுங்கள். உப்பும் கொழுப்பும் புரதமும் சேர்ந்து துவர்ப்பைத் தணித்துவிடும். அதே ஒயின் இப்போது மென்மையாக இருக்கும்.

3. வாயைக் கழுவிவிட்டு, தேனைத் தொட்டுக்கொண்டு குடியுங்கள். பழச்சுவை காணாமல் போய், புளிப்பும் கசப்பும் மட்டும் மிஞ்சும்.

4. உப்பில்லாத காளானோடு குடித்தால் கசப்பு இன்னும் ஏறும். காளானிலுள்ள உமாமி என்ற இறைச்சிச்சாறு போன்ற சுவை டானினின் கசப்பைத் தூக்கிக் காட்டும். இனி அதே காளானில் ஒரு சிட்டிகை உப்பும் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறும் சேர்த்து மறுபடி பாருங்கள். ஒயின் தன் நிலைக்குத் திரும்பியிருக்கும்.

நான்காவதை விட்டுவிடாதீர்கள். மேசையில் ஒயின் கசந்தால் புட்டியை மாற்ற வேண்டியதில்லை, பல நேரம் தட்டில் உப்பும் துளிப் புளிப்பும் சேர்த்தாலே சரியாகிவிடும். மிளகாய்க் காரத்துக்கு இந்த வைத்தியம் பலிக்காது. ஆல்கஹாலும் டானினும் கூடக்கூட எரிச்சலும் கூடும். காரமான உணவுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் போகாத, துவர்ப்பு குறைந்த சிவப்பைக் குளிர வைத்துக் கொடுப்பதுதான் பாதுகாப்பு.

புட்டியின் மேல் எதைப் படிக்க வேண்டும்

ஆல்கஹால் அளவை முதலில் பாருங்கள். 12 முதல் 13 சதவீதம் என்றால் பெரும்பாலும் இலகுவான ஒயின், 14.5 என்றால் கனமானது. அடுத்து ஊர்ப்பெயர். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் புட்டிகளில் பல நேரம் திராட்சையின் பெயர் இருக்காது, ஊரை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பர்கண்டியின் சிவப்பு பினோ நுவார். பொஜொலே என்றால் கமே. பரோலோவும் பார்பரெஸ்கோவும் முழுக்க நெபியோலோ. கியாந்தி கிளாசிகோவில் சான்ஜியோவேசே குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும், கறுப்புச் சேவல் முத்திரை அதன் அடையாளம். வட ரோன் பள்ளத்தாக்கின் சிவப்பு சிரா.

ஸ்பெயினின் ரியோஹா புட்டியில் வயதைச் சொல்லும் சொல்லே எழுதியிருக்கும்: கிரியான்சா குறைந்தது 2 ஆண்டு, ரிசர்வா 3 ஆண்டு, கிரான் ரிசர்வா 5 ஆண்டு முதிர்ந்தது. பரோலோ 38 மாதம் முதிர்ந்த பிறகுதான் கடைக்கே வரும், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில். இந்த எண்களைத் தெரிந்துகொள்வதற்குக் காரணம் உண்டு. வயதாக ஆகப் பழச்சுவை குறைந்து காளான், காய்ந்த இலை, பதனிட்ட தோல் போன்ற மணங்கள் மேலே வரும், துவர்ப்பும் அடங்கும். இலையுதிர்காலச் சமையலின் மணங்களும் இவைதானே.

காளான்

முதிர்ந்த பினோ நுவார் அல்லது நெபியோலோ. கையில் காசு குறைவென்றால் ரியோஹா ரிசர்வா வாங்குங்கள். அந்த விலைக்கு அவ்வளவு முதிர்ச்சி ஐரோப்பாவில் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. இளம் கபர்னே சோவின்யோனைக் காளானோடு வைக்காதீர்கள், சோதனையின் நான்காம் படியில் பார்த்த கசப்பு அப்படியே வரும்.

சமையலிலும் ஒரு கவனம் வேண்டும். 300 கிராம் காளானை ஒரே தடவையில் சட்டியில் கொட்டினால் நீர் விட்டு வெந்துபோகும், வதங்காது. இரண்டு தடவையாகப் பிரித்து, நன்றாகச் சூடேறிய சட்டியில் கிளறாமல் 3 நிமிடம் விட்டு ஒரு பக்கம் பொன்னிறமாக்குங்கள். பிறகு வெண்ணெய், தைம் இலை, கடைசியில் உப்பு. அந்தப் பொன்னிற வறுபட்ட சுவைதான் ஓக் பீப்பாயில் கிடந்த ஒயினோடு கைகோர்க்கும்.

இத்தாலியின் ஆல்பா நகரத்து வெள்ளை டிரஃபிள் என்ற மணமிக்க நிலத்தடிக் காளான் அக்டோபர் முதல் டிசம்பர் வரை உச்சத்தில் இருக்கும். வெண்ணெய் போட்ட தயாரின் பாஸ்தாமேல் அதைச் சீவிப் போட்டு, பத்து வயதான பார்பரெஸ்கோவைப் பக்கத்தில் வைப்பார்கள். இளம் பரோலோவை வைத்தால் டிரஃபிளின் மணம் டானினுக்கு அடியில் புதைந்துவிடும்.

பூசணியும் இனிப்புக் கிழங்குகளும்

சிவப்பு ஒயின் அதிகம் சறுக்கும் இடம் இது. பூசணி, காரட், சர்க்கரைவள்ளி மூன்றும் ஓவனில் போனால் இன்னும் இனிக்கும். இவற்றுக்குத் துவர்ப்பு குறைந்த, பழச்சுவை மிகுந்த ஒயின் வேண்டும்: கிரெனாஷ் அதிகமுள்ள கோத் தூ ரோன், அல்லது பொஜொலே. இத்தாலியின் மாந்துவா ஊரில் பூசணியும் அமரெத்தி பிஸ்கட்டும் வைத்து அடைக்கும் டோர்தெல்லி பாஸ்தாவுக்கு உள்ளூர் லாம்ப்ருஸ்கோவைக் கொடுப்பார்கள். நுரைக்கும் இந்தச் சிவப்பு ஒயினைச் சிலர் மட்டமாகப் பேசுவதுண்டு, நியாயமில்லாத பேச்சு. வெண்ணெய்யின் பிசுக்கை நுரை துடைக்கும், பூசணியின் இனிப்பை அதன் பழச்சுவை தாங்கும்.

வெறும் பூசணி சூப் என்றால் அதில் சிவப்பு ஒயினுக்குப் பிடிமானம் எதுவும் இல்லை. மேலே வறுத்த பேக்கன் துண்டுகளோ, வதக்கிய காளானோ, 20 கிராம் பெக்கோரினோ சீஸோ தூவுங்கள். உப்பும் கொழுப்பும் வந்ததும் பொருத்தம் தானாக வரும்.

மெதுவாக வெந்த குழம்புகள்

பொஃப் பூர்கின்யோன் என்ற பர்கண்டி மாட்டிறைச்சிக் குழம்பை எடுத்துக்கொள்வோம். ஆறு பேருக்கு 1.5 கிலோ தோள்பட்டை இறைச்சி, 750 மி.லி. ஒயின், 150 கிராம் பேக்கன், 2 காரட், 2 வெங்காயம், 2 மேசைக்கரண்டி மைதா, 300 கிராம் காளான். இறைச்சியைத் துணியால் ஈரம் போகத் துடைத்து, ஒரு தடவைக்கு நாலைந்து துண்டுகளாகப் போட்டுச் சிவக்க வறுக்க வேண்டும். ஈரத்தோடு போட்டால் ஆவியில் வெந்து சாம்பல் நிறமாகிவிடும். பேக்கனையும் காரட்டையும் வெங்காயத்தையும் வதக்கிச் சேர்த்து, மைதா தூவி, ஒயின் ஊற்றிக் கொதிக்கவிட்டு, மூடி 150 டிகிரி ஓவனில் 3 மணி நேரம் வையுங்கள். காளானைத் தனியாக வதக்கிக் கடைசி 20 நிமிடத்தில் சேருங்கள்.

குழம்பில் ஊற்ற விலை குறைந்த, ஓக் வாசனை இல்லாத ஒயின் போதும். ஓக் அதிகமான ஒயின் வற்ற வற்றக் கசப்பு திரளும். குடிக்க அதைவிட ஒரு படி நல்லதாக எடுங்கள். பர்கண்டியின் சாதாரணச் சிவப்பான பூர்கோன் ரூஜ், அல்லது பொஜொலேயின் பத்து குரூ (உயர்தர) ஊர்களில் ஒன்றான மோர்கோன். கிரான் குரூ என்ற உச்சத் தரப் பர்கண்டியை இந்தக் குழம்போடு திறப்பதைத் தவிருங்கள். அதன் நுண்மையெல்லாம் சாஸில் மறைந்துவிடும், ஒரு துண்டு ரொட்டியோடும் எளிய கோழி வறுவலோடும் குடிப்பதற்கானது அது.

பீன்ஸும் வாத்தும் பன்றி சாசேஜும் சேரும் கசூலேயில் கொழுப்பு ஏராளம். மதிரான், காஹோர் போன்ற தென்மேற்குப் பிரான்ஸின் துவர்ப்பான ஒயின்களுக்கு அங்கேதான் வேலை. தனியாகக் குடித்தால் கரகரக்கும் மதிரான், வாத்துக் கொழுப்பில் ஊறிய பீன்ஸோடு பட்டுப்போல் இறங்கும். இறைச்சி சாப்பிடாதவர்களுக்குப் பிரான்சின் புய் பச்சைப் பருப்பை ஆலிவ் எண்ணெய் தாராளமாக விட்டுச் சமைத்து, மேலே ஆட்டுப்பால் சீஸ் உதிர்த்துக் கொடுக்கலாம். அதற்கு இத்தாலியின் பார்பேரா. டானின் குறைவு, புளிப்பு அதிகம் என்பதால் பருப்பின் மாவுத்தன்மையை வெட்டிக்கொண்டு போகும்.

வேட்டை இறைச்சியும் செயின்ட் மார்ட்டின் வாத்தும்

மான் இறைச்சியில் கொழுப்பு குறைவு, இரும்புச் சுவை கூடுதல். ஜூனிபர் காயும் மிளகும் போட்டுச் சமைப்பது வழக்கம். சான்-ஜோசப், க்ரோஸ்-எர்மிதாஜ் ஆகிய சிரா ஒயின்களில் இயல்பாகவே மிளகு வாசனை உண்டு. ரோட்டண்டோன் என்ற சேர்மம் அதற்குக் காரணம். மிளகிலும் அதே சேர்மம்தான் இருக்கிறது. சாஸில் லிங்கன்பெரி ஜாம் ஊற்றுபவர்கள் ஒரு கரண்டியோடு நிறுத்துங்கள். மூன்று கரண்டி போனால் தேன் சோதனையின் முடிவுதான். டஸ்கனியில் காட்டுப்பன்றியில் செய்யும் ராகு என்ற இறைச்சி சாஸில் தக்காளி இருப்பதால் அதன் புளிப்புக்கு ஈடுகொடுக்கும் கியாந்தி கிளாசிகோ வேண்டும்.

நவம்பர் 11 செயின்ட் மார்ட்டின் நாளில் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் கூஸ் வாத்தை முழுதாகச் சுட்டு, ஆப்பிளும் வினிகரும் சேர்ந்த சிவப்பு முட்டைகோஸோடு பரிமாறுவார்கள். கொழுப்பு, இனிப்பு, புளிப்பு மூன்றும் ஒரே தட்டில். ஆஸ்திரியாவின் பிளௌஃப்ராங்கிஷ் சிவப்பு இதற்கென்றே பிறந்ததுபோல் பொருந்தும்: நல்ல புளிப்பு, கரும்பெர்ரிச் சுவை, மிதமான துவர்ப்பு. அது கிடைக்காவிட்டால் அதன் வாரிசான ஸ்வைகெல்ட்; 1922இல் பிளௌஃப்ராங்கிஷையும் செயின்ட் லாரன்ட்டையும் கலந்து உருவாக்கிய வகை அது.

சுட்ட செஸ்ட்நட்டுக்குப் புது ஒயின். நவம்பர் மூன்றாம் வியாழனன்று வரும் பொஜொலே நூவோ போதும், அதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

இனிப்புப் பலகாரங்கள்: ஒரே கட்டாய விதி

ஒயின் பலகாரத்தைவிட இனிப்பாக இருக்க வேண்டும். இந்த ஒன்றில் விலக்குக் கேட்காதீர்கள். ‘டார்க் சாக்லேட்டும் கபர்னேயும்’ என்று விளம்பரங்கள் சொல்வதை நம்பி வாங்கினால் கசப்பு மேல் கசப்பு, துவர்ப்பு மேல் துவர்ப்பு. 70 சதவீதச் சாக்லேட் கேக்குக்கு ஸ்பெயின் எல்லையோரம் விளையும் பன்யூல்ஸ், அல்லது அதே வட்டாரத்தின் மோரி. இரண்டும் கிரெனாஷ் திராட்சையில், நொதித்தலை நடுவில் ஆல்கஹால் சேர்த்து நிறுத்திச் செய்பவை. திராட்சையின் சர்க்கரை அதனால் மிஞ்சி நிற்கும். போர்ச்சுகலில் இதே முறையில் செய்யும் இனிப்பு ஒயினான போர்ட்டில், லேட் பாட்டில்டு வின்டேஜ் என்ற வகையும் இதே வேலையைச் செய்யும். அறுவடை முடிந்து 4 முதல் 6 ஆண்டுக்குள் புட்டியில் அடைப்பதால் கரும்பழச் சுவை இன்னும் உயிரோடிருக்கும்.

வால்நட் டார்ட், செஸ்ட்நட் கூழில் செய்யும் மோன் பிளான், கேரமல் எல்லாவற்றுக்கும் 10 ஆண்டு டானி போர்ட். பீப்பாயில் காற்றுப் பட்டு முதிர்ந்ததால் அதற்கே ஒரு கொட்டைச் சுவை உண்டு. பிளம் கேக்குக்கும் பெர்ரிகளுக்கும் பியட்மான்ட்டின் பிராகெட்டோ தாக்வி. இனிப்பு, மெல்லிய நுரை, 5 முதல் 6 சதவீத ஆல்கஹால்தான், கனமான விருந்துக்குப் பிறகு வயிற்றுக்குப் பாரமில்லை. ஆப்பிள் டார்ட்டுக்குச் சிவப்பைத் தேடி அலையாதீர்கள். இனிப்பு வெள்ளை ஒயின்கள் அதற்கு எவ்வளவோ மேல்.

சீஸில் ஒரு எச்சரிக்கை. பிரீ, கமம்பேர் போன்ற மென்மையான சீஸ்கள் துவர்ப்பான சிவப்போடு உலோகச் சுவை தரும். முதிர்ந்த கடின சீஸ்களை எடுங்கள். நீல சீஸ் என்றால் போர்ட்.

ஒயினில் வெந்த பேரிக்காய்

கெட்டியான பேரிக்காய் 6, பொஜொலே அல்லது எளிய கோத் தூ ரோன் 750 மி.லி., சர்க்கரை 150 கிராம், பட்டை ஒரு துண்டு, கிராம்பு 3, அரை ஆரஞ்சின் தோல்.

காம்பை விட்டுவிட்டுத் தோலைச் சீவுங்கள். ஒயினையும் சர்க்கரையையும் மசாலாவையும் 5 நிமிடம் கொதிக்கவிட்டு, பேரிக்காய்களை அகலமில்லாத பாத்திரத்தில் நெருக்கமாக இறக்குங்கள். அவை மிதக்கும். மேலே நிற்கும் பக்கம் வெளிறிப்போகாமலிருக்க, பேக்கிங் தாளை வட்டமாக வெட்டி மேலே போட்டு ஒரு சிறு தட்டை வையுங்கள். சிறு தீயில் 25 முதல் 35 நிமிடம். மெல்லிய கத்தி தடையில்லாமல் இறங்கினால் பதம். அடுப்பை அணைத்து, அந்த ஒயினிலேயே இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் விட்டால்தான் நிறம் உள்ளே ஏறும். மறுநாள் பழத்தை எடுத்துவிட்டு ஒயினை மூன்றில் ஒரு பங்காக வற்ற வையுங்கள். கரண்டியின் முதுகில் மெல்லப் படிந்தால் நிறுத்திவிடலாம், ஆறியதும் இன்னும் கெட்டியாகும்.

பழுத்த பேரிக்காய் கூழாகிவிடும். சமைக்க ஊற்றிய அதே இனிப்பில்லாத ஒயினைக் குடிக்கவும் கொடுத்தால் வெறும் புளிப்பாக இருக்கும். பக்கத்தில் ரூபி போர்ட் அல்லது பிராகெட்டோ வையுங்கள்.

இரவு எட்டு மணி விருந்துக்கு

ஆறு பேர், மூன்று ஒயின் என்று வைத்துக்கொள்வோம். ஒரு புட்டி ஆளுக்கு 125 மி.லி. தரும். ஆகவே முதல் தட்டுக்கு ஒன்று, குழம்புக்கு ஒன்று. இனிப்பு ஒயின் ஆளுக்கு 60 மி.லி., 500 மி.லி. புட்டி தாராளம். போர்ட் 19 முதல் 22 சதவீதம் ஆல்கஹால் என்பதை விருந்தினரிடம் சொல்லிவிடுங்கள், வண்டி ஓட்ட வேண்டியவருக்கு ஊற்றாதீர்கள்.

பழைய புட்டி இருந்தால் முந்தின நாளே நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் இறங்கட்டும். மாலை ஆறரைக்கு இளம் துவர்ப்பான ஒயினை டிகான்டர் என்ற அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றுங்கள். கார்க்கை மட்டும் எடுத்துவிட்டு ‘மூச்சு விடட்டும்’ என்று வைப்பதில் பயனில்லை, கழுத்தளவு பரப்பில் காற்று என்ன செய்யும்? பத்து இருபது வயதான ஒயினைப் பரிமாறும் நேரத்தில்தான் மெல்ல ஊற்ற வேண்டும், முன்னதாக ஊற்றினால் மணம் பறந்துவிடும்.

இலகுவான புட்டிகளை ஆறரைக்கும் கனமானவற்றை ஏழரைக்கும் குளிரவைக்கத் தொடங்குங்கள். சிவப்பை அறை வெப்பநிலையில் கொடுப்பது என்ற வழக்கம் 16 முதல் 18 டிகிரி இருந்த பழைய ஐரோப்பிய வீடுகளில் வந்தது. ஹீட்டர் ஓடும் அறையிலும் சென்னை அறையிலும் அது செல்லாது. பொஜொலேயும் லாம்ப்ருஸ்கோவும் 12 முதல் 14, பினோ நுவார் 14 முதல் 16, போர்தோவும் பரோலோவும் 16 முதல் 18, டானி போர்ட் 12 முதல் 14, பிராகெட்டோ 8 டிகிரி. 22 டிகிரி அறையிலிருந்த கனமான சிவப்புக்கு ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம், இலகுவானதுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். அவசரமென்றால் பனிக்கட்டியும் தண்ணீரும் சரிபாதி கலந்த வாளி. தண்ணீரில்லாத வெறும் பனிக்கட்டி மெதுவாகத்தான் குளிர்விக்கும்.

திறந்ததும் முதலில் நீங்களே முகர்ந்து பாருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாசனையும் மங்கிய சுவையும் இருந்தால் கார்க் கெட்ட ஒயின். காற்றோட்டம் அதைச் சரிசெய்யாது, ரசீதோடு கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். தீக்குச்சி அணைத்த வாசனை வந்தால் பயப்பட வேண்டாம், டிகான்டரில் இருபது நிமிடத்தில் போய்விடும்.

மிச்சமான சிவப்பைக் கார்க் போட்டு ஃப்ரிட்ஜில் நிமிர்த்தி வைத்தால் இரண்டு மூன்று நாள் நிற்கும். லேட் பாட்டில்டு வின்டேஜ் போர்ட் ஏறக்குறைய ஒரு வாரம். டானி ஏற்கெனவே காற்றோடு பழகியதால் நாலு வாரத்துக்கு மேலும் தாங்கும். குடிக்க மனமில்லாத சிவப்பை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள், அடுத்த குழம்பில் இரண்டு கட்டி போட்டுக்கொள்ளலாம்.